நாற்பத்தைந்து ரூபாய் பிட்காயினைக் கடைசிவரை வைத்திருந்தது யார்?

2011 பிப்ரவரியில், இணையத்தில் மட்டுமே புழங்கும் நாணயமான பிட்காயின் ஒன்றின் விலை முதன்முறையாக ஒரு டாலரைத் தொட்டது. அன்றைய ரூபாய்க் கணக்கில் நாற்பத்தைந்து. அன்றைக்கு ஒரு சாதாரண ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக்கு ஆன காசு. 2024 டிசம்பர் 5ஆம் தேதி அதே ஒரு பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. ரூபாயில் சுமார் 84 லட்சத்து 70 ஆயிரம்.

இந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அன்றைக்கு ஆயிரம் ரூபாய் போட்டிருந்தால்..." என்று ஆரம்பிக்கும் வாட்ஸ்அப் செய்தி வராத ஆள் கிடையாது. கணக்கில் தப்பில்லை. ஆயிரம் ரூபாய்க்கு 22 காயின், 22 காயினுக்கு 18 கோடிக்கு மேல். பெருக்கல் சரிதான். ஆனால் அதில் ஒரு ஆள் விடுபட்டுப் போகிறார்: ஏறக்குறைய பதினான்கு வருடம் அந்தக் காயினை விற்காமல் வைத்திருந்தவர். அந்த ஆளைத் தேடிக்கொண்டு போனால் வேடிக்கையாக இருக்கிறது. விற்க மனமில்லாமல் வைத்திருந்தவர்களைவிட, விற்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம் தட்டுப்படுகிறார்கள்.

அதற்கு முன்னால் ஒரு கணக்கு. குமரேசன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளக்காரர். 2011 பிப்ரவரியில் 4,500 ரூபாய்க்கு 100 காயின் வாங்குகிறார். வாங்குவதே அப்போது லேசான வேலை இல்லை. டோக்கியோவிலிருந்து பின்னாளில் நடத்தப்பட்ட மவுண்ட் காக்ஸ்தான் அன்றைக்குப் பெரிய எக்ஸ்சேஞ்ச், அதாவது காயின் வாங்கி விற்கும் இணையச் சந்தை. அதற்குப் பணம் அனுப்ப லிபர்ட்டி ரிசர்வ் மாதிரியான இணையப் பணச் சேவைகளைப் பிடிக்க வேண்டும். அந்த லிபர்ட்டி ரிசர்வையே 2013இல் அமெரிக்க அரசு, கள்ளப்பணம் புழங்குகிறது என்று இழுத்து மூடியது. எப்படியோ வாங்கிவிட்டார், சரி.

நான்கே மாதத்தில், 2011 ஜூனில், விலை 31 டாலர். 4,500 ரூபாய் 1 லட்சத்து 40 ஆயிரம் ஆகிவிட்டது. ஒரு பைக் வாங்கி, மிச்சத்தில் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜும் வாங்கலாம். குமரேசன் விற்கவில்லை. நவம்பரில் விலை 2 டாலர். கையில் பத்தாயிரம் ரூபாய்ச் சொச்சம். நூறு ரூபாயில் 93 ரூபாய் ஆறே மாதத்துக்குள் ஆவியாகிவிட்டது.

2013 ஏப்ரலில் விலை 266 டாலர். அவர் காயின்களின் மதிப்பு 14 லட்சத்துக்கு மேல். அந்த வாரமே விலை 60 டாலருக்குக் கீழே விழுந்து, 14 லட்சம் மூன்று லட்சம் ஆனது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் 1,150 டாலர், 72 லட்சம். இப்போது வீட்டுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. "அதை எடுத்து ஒரு மனையை வாங்கிப் போட வேண்டியதுதானே" என்று மனைவி கேட்டிருப்பார், மாமனார் கேட்டிருப்பார். இருவர் கேட்டதும் நியாயம்தான். அப்போதும் விற்கவில்லை. 2015 ஜனவரியில் விலை 200 டாலருக்கும் கீழே போனபோது 12 லட்சம்தான் மிச்சம். மனை போச்சு. அந்தப் பேச்சு வீட்டில் எத்தனை வருடம் ஓடியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

2017 டிசம்பரில் 19,500 டாலர், பன்னிரண்டரைக் கோடி. ஒரு வருடம் கழித்து 3,200 டாலர், இரண்டேகால் கோடி. பத்துக் கோடி ரூபாய் கண்ணெதிரே கரைகிறது. அதுவும் எப்போது? 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, பிட்காயின் மாதிரியான கிரிப்டோ நாணயங்களில் ஈடுபடுகிறவர்களுக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருந்த நேரத்தில். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடுவில் இருந்த இரண்டு வருடமும், விற்றால் பணம் எந்த வழியாக வரும் என்ற கேள்வி வேறு தலைக்கு மேல் தொங்கியது. 2021 நவம்பரில் 69,000 டாலர், 51 கோடி. அடுத்த நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்தபோது 16,000 டாலர், 13 கோடி. அதையும் தாண்டி நின்றால்தான் 2024 டிசம்பரின் 84 கோடியே 70 லட்சம்.

இந்த வழியில் எந்த இடத்தில் விற்றிருந்தாலும் அதை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. நான்கு மாதத்தில் முப்பது மடங்கு லாபம் பார்த்தவன் வெளியே வந்தால் அது பேராசை இல்லாத குணம். சொத்தில் நூற்றுக்கு 95 பங்கு ஒரே பொருளில் முடங்கிக் கிடந்தால் பாதியை விற்கச் சொல்லாத நிதி ஆலோசகர், ஆலோசகரே இல்லை.

சரி, பாதியை விற்றால் என்ன ஆகியிருக்கும்? குமரேசனை இன்னும் கொஞ்சம் புத்திசாலியாக்குவோம். மேலே சொன்ன ஐந்து உச்சங்களிலும், 2011 ஜூன், 2013 ஏப்ரல், 2013 நவம்பர், 2017 டிசம்பர், 2021 நவம்பர், மிகச் சரியாக உச்ச விலையிலேயே, கையில் இருப்பதில் பாதியை விற்கிறார். அப்படி நாள் பார்த்து விற்க ஜோசியனாலும் முடியாது, இருந்தாலும் கொடுத்துவிடுவோம். முதல் முறை கிடைப்பது 70 ஆயிரம். அடுத்தது 3 லட்சத்து 60 ஆயிரம். அப்புறம் 9 லட்சம், 78 லட்சம், ஒரு கோடியே 60 லட்சம். கையில் மிஞ்சுவது 3.125 காயின்; 2024 டிசம்பரில் அதன் மதிப்பு 2 கோடியே 65 லட்சம். எல்லாம் சேர்த்து ஐந்து கோடி ரூபாயை ஒட்டி.

ஐந்து கோடி சின்னத் தொகை இல்லை. ஆனால் வாட்ஸ்அப் செய்தி சொல்லும் 84 கோடியில் அது பதினாறில் ஒரு பங்கு. அசாத்தியமான அதிர்ஷ்டத்தோடும் கட்டுப்பாட்டோடும் நடந்துகொண்ட ஒருவருக்கே இவ்வளவுதான். (ஒரு பொருத்தம்: 50, 25, 12.5, 6.25, 3.125 என்று அவர் கையிருப்பு தேய்கிற வரிசைதான், பிட்காயின் வலையமைப்பு புதுக் காயின் வெளியிடும் அளவு நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவந்த வரிசையும். திட்டமிட்டுப் போட்ட கணக்கு இல்லை, தானாக அமைந்தது.)

அரசாங்கங்களே இந்த விவேகத்துக்குத் தப்பவில்லை. ஜெர்மனியின் சாக்ஸனி மாநிலம், ஒரு திருட்டுப் படத் தளத்தின் வழக்கில் கைப்பற்றிய ஏறத்தாழ 50,000 காயின்களை 2024 ஜூன், ஜூலையில் விற்று 264 கோடி யூரோ ஈட்டியது. விலை சட்டென்று விழக்கூடிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, விற்றுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஐந்தே மாதத்தில் விலை ஒரு லட்சம் டாலர். அதிகாரிகள் செய்ததில் என்ன பிழை? ஒன்றுமில்லை.

ஏழரைக் கோடி

இதுவரை குமரேசன் காயினை எங்கே வைத்திருந்தார் என்று கேட்கவே இல்லை. அங்கேதான் உண்மையான கதை இருக்கிறது.

2011இல் வாங்கிய பெரும்பாலோர் வாங்கிய இடத்திலேயே, அதாவது எக்ஸ்சேஞ்ச் கணக்கிலேயே, காயினை விட்டுவைத்தார்கள். மவுண்ட் காக்ஸை 2010இல் தொடங்கியவர் ஜெட் மெக்கேலப். அடுத்த ஆண்டு மார்க் கார்பலேஸ் என்ற பிரெஞ்சுக்காரருக்குக் கைமாற்றிவிட்டார். 2011 ஜூனிலேயே ஒருமுறை உள்ளே புகுந்து கைவரிசை காட்டினார்கள். தளத்தில் விலை சில நிமிடங்களுக்கு ஒரு சென்ட் என்று ஓடியது. மக்கள் பயந்தார்கள், மறந்தார்கள், திரும்பவும் வந்தார்கள். 2014 பிப்ரவரி 7ஆம் தேதி காயினை வெளியே எடுப்பதை நிறுத்தினார்கள். 28ஆம் தேதி டோக்கியோ நீதிமன்றத்தில் திவால் மனு. வாடிக்கையாளர்களுடைய ஏழரை லட்சம் காயின், நிறுவனத்தின் சொந்தக் காயின் ஒரு லட்சம், மொத்தம் எட்டரை லட்சத்தைக் காணோம் என்றார்கள். சில நாட்கள் கழித்து, பழைய வாலட் (காயின் வைக்கும் டிஜிட்டல் பெட்டி) ஒன்றில் இரண்டு லட்சம் இருந்தது, பார்க்காமல் விட்டுவிட்டோம் என்றார்கள். பரண் மேல் வைத்த பாத்திரத்தை மறந்த மாதிரி.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஜப்பானியத் திவால் சட்டப்படி, வாடிக்கையாளர்களுக்கு நிறுவனம் தர வேண்டிய பாக்கி 2014 ஏப்ரல் விலையில் யென்னாக நிலைநிறுத்தப்பட்டது. ஒரு காயினுக்கு 50,058 யென், கிட்டத்தட்ட 480 டாலர். அந்த நேரத்தில் அது நியாயமான விலை. ஆனால் வழக்கு இழுத்துக்கொண்டே போக, 2017இல் விலை இருபதாயிரம் டாலரை நெருங்கியது. எஞ்சியிருந்த இரண்டு லட்சம் காயினின் மதிப்பு, மொத்தக் கடனையும் யென்னில் அடைத்துவிட்டு ஏராளமாக மிஞ்சும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. மிஞ்சியது யாருக்குப் போகும்? சட்டப்படி பங்குதாரர்களுக்கு. பெரும்பான்மைப் பங்கு யாரிடம்? கார்பலேஸின் நிறுவனத்திடம். வண்டியைக் குடைசாய்த்தவருக்கே வண்டிக் கூலியும் போய்ச் சேரும் நிலை. பணம் வர வேண்டிய வாடிக்கையாளர்கள் போராடி, 2018 ஜூனில் திவால் நடவடிக்கையைக் குடிமை மறுசீரமைப்பு நடவடிக்கையாக மாற்ற வைத்தார்கள். அதன்படி காயினாகவே திருப்பித் தரலாம். உண்மையில் திருப்பித் தர ஆரம்பித்தது 2024 ஜூலையில். பத்து வருடம்.

குமரேசன் காக்ஸில் 100 காயின் வைத்திருந்தால் திரும்பி வருவது ஏறத்தாழ 15 காயின். ஆறில் ஐந்து பங்குக்கு மேல் போயே போய்விட்டது. ஆனால் 2024 ஜூலையில் விலை 60,000 டாலர் வாக்கில். 15 காயினுக்கு ஏழரைக் கோடி ரூபாய். ஒவ்வொரு உச்சத்திலும் சரியாகப் பாதி விற்ற புத்திசாலி குமரேசனின் ஐந்து கோடியைவிட இது அதிகம்.

ஏழரைச் சனி பிடித்தவனுக்குக் கிடைத்த ஏழரைக் கோடி என்று சிரிக்கலாம். ஆனால் காரணத்தைப் பாருங்கள். 2014இலிருந்து அந்தப் பணத்தை அவரால் தொட முடியவில்லை. பயத்தில் விற்க முடியவில்லை, மகள் கல்யாணத்துக்கு விற்க முடியவில்லை, வேலை போனபோது விற்க முடியவில்லை. பொறுமை என்று நாம் புகழ்வதை நீதிமன்றம் அவர் சார்பில் கடைப்பிடித்தது. நடுவில் இறந்துபோனவர்களும், பாதி வழியில் தங்கள் கோரிக்கையை அடிமாட்டு விலைக்கு முதலீட்டு நிறுவனங்களிடம் விற்றுவிட்டு ஒதுங்கியவர்களும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்.

நம் பக்கத்திலும் அதே மாதிரி ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2024 ஜூலையில் இந்தியாவின் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டு, வாடிக்கையாளர் கணக்குகள் முடங்கின. அந்தத் திருட்டில் அடிபடாத வேறொரு காயினை வைத்திருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக, 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கிரிப்டோவும் சொத்துதான், பிறர் பொறுப்பில் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்று சொன்னார். எக்ஸ்சேஞ்சில் கிடக்கும் காயின் யாருடையது என்ற கேள்விக்கு இந்தியாவில் கிடைத்த தெளிவான பதில்களில் அது ஒன்று. மவுண்ட் காக்ஸ்காரர்கள் அந்தப் பதிலுக்காகத்தான் பத்து வருடம் நின்றார்கள்.

எக்ஸ்சேஞ்சை நம்பாமல் தங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்தவர்கள்? அவர்களுக்கு வேறு மாதிரி. வேல்ஸின் நியூபோர்ட் நகரில் ஒருவரின் ஹார்டு டிஸ்க் 2013இல் வீட்டைச் சுத்தம் செய்தபோது குப்பைக்குப் போனது. அதில் சுமார் 8,000 காயின். நகராட்சிக் குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டுப் பல வருடம் நடந்தார். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அமெரிக்காவில் ஒரு புரோகிராமர், பிட்காயின் என்றால் என்ன என்று ஒரு வீடியோ செய்து கொடுத்ததற்குக் கூலியாக வாங்கிய 7,002 காயினை ஒரு பூட்டுள்ள பென் டிரைவில் வைத்தார். பாஸ்வேர்ட் எழுதிய தாளைத் தொலைத்தார். பத்து முறை தப்பாகப் போட்டால் அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். எட்டு முறை போட்டாகிவிட்டது என்று 2021இல் செய்தி வந்தது. இவர்களும் 'விற்காமல் வைத்திருப்பவர்கள்' கணக்கில்தான் வருவார்கள். அதுவரை வெளிவந்த காயின்களில் ஐந்தில் ஒரு பங்கு இப்படித் தொலைந்தோ முடங்கியோ கிடப்பதாக அந்தச் சமயத்தில், கிரிப்டோ பரிமாற்றங்களை ஆராயும் செயினாலிசிஸ் நிறுவனம் மதிப்பிட்டது.

மறந்துபோய், பிறகு நினைவு வந்து, பாஸ்வேர்டும் நினைவு வந்தவர்கள் மிகக் கொஞ்சம். ஒஸ்லோவில் ஒரு மாணவர் 2009இல் குறியாக்கம் பற்றி ஆய்வேடு எழுதும்போது 150 குரோனருக்கு, அதாவது 27 டாலருக்கு, 5,000 காயின் வாங்கிப்போட்டார். மறந்தே போனார். 2013இல் செய்தியில் பிட்காயின் என்று கேட்டதும்தான் ஞாபகம் வந்தது. திறந்து பார்த்தால் எட்டே முக்கால் லட்சம் டாலருக்கு மேல். நான்கு வருடத்தில் முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். ஐந்தில் ஒரு பங்கை விற்று நகருக்குள் ஒரு ஃபிளாட் வாங்கினார். அந்த ஃபிளாட்டுக்குக் கொடுத்த ஆயிரம் காயினின் மதிப்பு 2024 டிசம்பரில் பத்துக் கோடி டாலர். இதைச் சொல்லி அவரைப் பார்த்து உச்சுக்கொட்டுபவர்கள் உண்டு. எனக்கென்னவோ இந்தக் கட்டுரையில் வருகிற எல்லோரிலும், ரிட்டர்ன் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளில் எதையோ வீட்டுக்குக் கொண்டுபோனவர் அவர்தான் என்று படுகிறது.

அந்த ஏழில் ஒன்று

முன்கூட்டியே வாங்கினால் போதும் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. எதை முன்கூட்டியே?

காயின் விலைகளைப் பட்டியலிடும் காயின்மார்க்கெட்கேப் தளத்தின் பழைய பதிவுகளில் முதல் பட்டியல் 2013 ஏப்ரல் 28ஆம் தேதியுடையது. அதில் மொத்தமே ஏழு காயின்: பிட்காயின், லைட்காயின், பியர்காயின், நேம்காயின், டெராகாயின், டெவ்காயின், நோவாகாயின். அன்றைக்கு இந்த ஏழில் எதை வாங்கியிருந்தாலும் நீங்கள் மிக ஆரம்பத்திலேயே வந்தவர். பிட்காயின் அன்று 134 டாலர். 2024 டிசம்பரில் 740 மடங்குக்கு மேல். லைட்காயின் நான்கு டாலர்ச் சொச்சம். அது இருபத்தைந்து, முப்பது மடங்கு வந்தது. மற்ற ஐந்தின் பெயர்களை இப்போது தான் முதல்முறை படிக்கிறீர்கள் என்றால் அதுவே பதில்.

அதே 2013இல் மாஸ்டர்காயின் என்ற திட்டம் ஏறத்தாழ 5,000 பிட்காயினைப் பொதுமக்களிடம் திரட்டியது. பிட்காயினைக் கொடுத்து அந்தப் புதுக் காயினை வாங்கினார்கள். பிற்பாடு அது ஆம்னி என்று பெயர் மாறியது; டாலர் விலையை ஒட்டியே நிற்கும் டெதர் காயின் முதலில் அதன்மேல்தான் ஓடியது. ஆனால் மாஸ்டர்காயினை வாங்கியவர்களுக்கு, கொடுத்த பிட்காயினை வீட்டிலேயே வைத்திருந்திருக்கலாம் என்பதுதான் முடிவு.

அடுத்த வருடம் எத்திரியம். 2014 ஜூலை 22இலிருந்து 42 நாள் விற்பனை. முதல் இரண்டு வாரம் ஒரு பிட்காயின் கொடுத்தால் அதன் காயினான ஈத்தர் 2,000. அன்றைய விலையில் 600 டாலர் வாக்கில், ஆக ஒரு ஈத்தர் 30 சென்ட். இதை முதலீடு என்றே அவர்கள் சொல்லவில்லை. வலையமைப்பில் நிரல்களை ஓட்டுவதற்கான எரிபொருள் என்றார்கள். வலையமைப்பு ஓட ஆரம்பித்ததே ஒரு வருடம் கழித்து, 2015 ஜூலை 30இல். அந்த அக்டோபரில் ஒரு ஈத்தர் அரை டாலரை ஒட்டி ஊர்ந்துகொண்டிருந்தது. 2018 ஜனவரியில் 1,400 டாலர். 2,000 ஈத்தருக்கு 28 லட்சம் டாலர். அந்த டிசம்பரில் 84 டாலர். வெறும் 1 லட்சத்து 68 ஆயிரம். 2021 நவம்பரில் 4,800 டாலர். 96 லட்சம் டாலர். கொடுத்த ஒரு பிட்காயினை வைத்திருந்தால் அன்றைக்கு 69 ஆயிரம்தான்.

ஆக மாஸ்டர்காயினுக்குப் பிட்காயின் கொடுத்தவர் ஏமாந்தவர், எத்திரியத்துக்குக் கொடுத்தவர் மேதை. இரண்டுமே ஒரே ஆள்கூடச் செய்திருக்கக்கூடிய காரியம். 2014இல் இரண்டு திட்டங்களின் அறிக்கைகளையும் கையில் வைத்துக்கொண்டு எது நிற்கும் என்று சொல்லியிருக்க முடியுமா? சிலர் சொன்னார்கள். அவர்களே சொன்ன மற்றதெல்லாம் என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்க முதலீட்டாளர் டிம் டிரேப்பர் 2014இல் அரசு ஏலத்தில் முப்பதாயிரம் பிட்காயினுக்குச் சற்றுக் குறைவாக வாங்கினார். மூன்று வருடத்தில் பத்தாயிரம் டாலர் ஆகும் என்றார். 2017 நவம்பரில் அப்படியே ஆனது. பிறகு 2022க்குள் இரண்டரை லட்சம் டாலர் என்றார். 2022 முடிந்தபோது பதினேழாயிரத்துக்கும் கீழே.

மடங்கு ஏன் தேய்கிறது

ஒரு லட்சம் மடங்கு என்பதை வருடக் கூட்டு வளர்ச்சியாக மாற்றினால், 2011 பிப்ரவரியிலிருந்து 2024 டிசம்பர்வரை ஆண்டுக்கு 130 சதவீதம். 2017 டிசம்பர் உச்சத்தில் வாங்கியவருக்கு அதே முடிவுத் தேதியில் ஆண்டுக்கு 26 சதவீதம். 2021 நவம்பர் உச்சத்தில் வாங்கியவருக்கு 13 சதவீதம் கூட முழுதாக இல்லை. அதே பதினான்கு வருடத்தில் தங்கம் பவுன் 15 ஆயிரத்திலிருந்து 57 ஆயிரத்துக்கு வந்தது, ஆண்டுக்குப் பத்து சதவீதம் வாக்கில். தங்கத்துக்கு யாரும் தூக்கத்தைத் தொலைக்கவில்லை.

ரூபாய்க்காரர்களுக்கு இதில் ஒரு சின்ன மாயமும் கலந்திருக்கிறது. டாலரில் ஒரு லட்சம் மடங்கு என்றால், ரூபாயில் ஒரு லட்சத்து 88 ஆயிரம் மடங்கு. அதிகப்படியான 88 ஆயிரம், பிட்காயின் ஏறியதால் வந்ததில்லை; ரூபாய் 45இலிருந்து 85க்கு இறங்கியதால் வந்தது.

தேய்வுக்குக் காரணம் எளிது. பிட்காயினுக்கு வாடகை வருமானம் இல்லை, லாபப் பங்கு இல்லை, வட்டி இல்லை. அடுத்து வருகிறவர் எவ்வளவு பணத்தோடு வருகிறார் என்பது மட்டும்தான் விலை. 2011 பிப்ரவரியில் வெளிவந்திருந்த காயின் 53 லட்சம் வாக்கில். ஒன்று ஒரு டாலர் என்றால் உலகத்துப் பிட்காயின் முழுவதும் சேர்ந்து 53 லட்சம் டாலர். ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் விலை. நாலு பணக்காரர்கள் மனம் வைத்தால் அதைப் பத்து மடங்கு ஏற்றலாம். 2024 டிசம்பரில் அது இரண்டு லட்சம் கோடி டாலர். அதை இரட்டிப்பாக்கவே அமெரிக்கப் பங்குச் சந்தையில் பங்கு மாதிரி வாங்கி விற்கும் பிட்காயின் நிதியங்களான இடிஎஃப்கள், நிறுவனக் கருவூலங்கள், நாட்டு அரசுகள் வரை வர வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அந்த இடிஎஃப்களை அனுமதித்தது இப்படி ஒரு கதவுதான். இன்னொரு லட்சம் மடங்கு வேண்டும் என்றால் உலகத்தின் மொத்தச் சொத்தும் போதாது. அதைப்போல நானூறு உலகம் வேண்டும். புதுக் காயின் வரத்து நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதியாவதால் விலை ஏறியே தீரும் என்று சொல்பவர்கள் வரத்தை மட்டும் பார்க்கிறார்கள். வாங்க ஆள் வராத பொருளின் வரத்து பாதியானால் என்ன, முழுக்க நின்றால் என்ன? டெராகாயினுக்கும் வரத்துக்கு வரம்பு உண்டு.

குமரேசனின் 84 கோடியில் இன்னும் வரி கழிக்கவில்லை. 2022 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் கூடுதல் வரியும் செஸ்ஸும். வாங்கிய விலையைத் தவிர வேறு எதையும் கழிக்க முடியாது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் ஈடுகட்ட முடியாது. பங்குகளை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் வரி குறைகிறது. இங்கே பதின்மூன்று நாள் வைத்திருந்தவனுக்கும் பதின்மூன்று வருடம் வைத்திருந்தவனுக்கும் ஒரே விகிதம். நீண்டகால முதலீடு என்று ஒன்று இருப்பதாகவே சட்டம் இதில் ஒப்புக்கொள்ளவில்லை.

மனம் வைத்து, கண்ணைத் திறந்துகொண்டு, கடைசிவரை வைத்திருந்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். விங்கிள்வாஸ் இரட்டையர்கள் 2013 ஏப்ரலில் தங்களிடம் 1 கோடியே 10 லட்சம் டாலருக்குப் பிட்காயின் இருப்பதாக வெளியே சொன்னார்கள். அந்த வாரம்தான் விலை நான்கில் ஒன்றாகச் சரிந்தது. அவர்கள் அசையவில்லை. அதற்கு முன்பே, தங்கள் யோசனையைத் திருடியதாக ஃபேஸ்புக்மேல் போட்ட வழக்கில் பணமாகவும் பங்காகவும் ஆறரைக் கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டவர்கள் அவர்கள். வாடகை கட்ட அந்தக் காயின் தேவைப்படவில்லை.

ஹால் ஃபின்னிக்குத் தேவைப்பட்டது. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் பிட்காயினை உருவாக்கியவர் 2009 ஜனவரி 12இல் அனுப்பிய முதல் பத்துக் காயினை வாங்கிக்கொண்டவர் ஃபின்னி. அவரைவிட முன்னால் வந்தவர் என்று உலகத்தில் ஒருவரைத்தான் சொல்ல முடியும். அதே வருடம் ஆகஸ்டில் அவருக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோய் என்று தெரிந்தது. மருத்துவச் செலவுக்குக் காயினில் ஒரு பகுதி போனது. 2013 மார்ச்சில், கண் அசைவைக் கொண்டு கணினியில் எழுதிய ஒரு குறிப்பில், மிச்சம் வங்கி லாக்கரில் இருக்கிறது, மகனும் மகளும் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள், பார்த்துக்கொள்வார்கள் என்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இறந்தார்.

அதே குறிப்பில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். 2009 ஜனவரியில் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே காயின் எடுக்க முடிந்த காலத்தில், பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து எழுதும் ஒரு தொகுதிக்கு 50 புதுக் காயின் கூலி என்று அவருடைய இயந்திரம் சில தொகுதிகளை எடுத்துத் தந்தது. கொஞ்ச நாளில் அதை நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டர் சூடாகிறது, மின்விசிறிச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்பதுதான் காரணம்.